சாவியக்காவின் சம்மதம் செல்லுமா?

மகளிர் தன்விருப்ப மீட்பு இல்லத்தின் வாசற்கதவு எப்போதும் வெளிப்பக்கமாகப் பூட்டியிருக்கும். உள்ளே இருக்கும் பெண்கள் எல்லோரும் சொந்த விருப்பத்தின் பேரில் தங்கியிருப்பதால் அவர்களுக்குச் சாவி தேவைப்படாது என்பது இல்லத்தின் விளக்கம். கதவுக்கு மேலே பெரிய பலகை ஒன்று உண்டு. "இங்கே உங்கள் விருப்பமே சட்டம்" என்று அதில் எழுதியிருக்கும். பலகை தெருவைப் பார்த்து இருப்பதால் உள்ளே இருப்பவர்கள் அதைப் படித்ததில்லை. தெருவில் போகிறவர்கள் படித்துவிட்டு, நாட்டில் நல்லவர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

சாவியக்கா இந்த இல்லத்துக்கு வந்ததை வந்தாள் என்று சொல்லக் கூடாது. மீட்கப்பட்டாள் என்று சொல்ல வேண்டும். எதிலிருந்து மீட்கப்பட்டாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அச்சகத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரு மாடி வீட்டை மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மூவருக்கும் தொழில், ஊர் நல்லவர்கள் வாயால் சொல்லாமல் காலால் தேடி வரும் தொழில். வீட்டில் முதலாளி கிடையாது, தரகர் கிடையாது. மூவரில் மூத்தவள் சாவியக்கா. நாற்பதைத் தாண்டியவள். அறைச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள் என்பதால் அந்தப் பெயர். கதவை அவள்தான் பூட்டுவாள், அவள்தான் திறப்பாள். பூட்டுவதற்கு முன்னால் வந்தவரைப் படிக்கட்டிலேயே நிறுத்தி, எது உண்டு எது கிடையாது என்று சொல்லிவிடுவாள்.

"நடுவுல நான் போதும்னு சொன்னா போதும்தான். நீங்க சொன்னாலும் அப்படித்தான். சம்மதமா?"

தலையை ஆட்டினால் போதாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இளித்தவர்கள் வந்த வழியே இறங்கிப் போனார்கள். ஒரு வங்கி மேலாளர், "என் சம்சாரம்கூட என்னை இவ்வளவு கேள்வி கேட்டதில்லம்மா" என்றார். "கேட்டிருக்கணும்" என்றாள் சாவியக்கா. அவர் படிக்கட்டில் நின்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்படி நடந்துகொண்டிருந்த வீட்டுக்குத்தான் ஒரு மத்தியானம் போலீஸ் வந்தது. ஆய்வாளர் நல்ல மனிதர். பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும் உடனே புறப்பட்டு வந்தவர்.

"உன்னைக் கட்டாயப்படுத்தினது யாரு?" என்று கேட்டார்.

"யாரும் இல்லீங்க."

"பயப்படாம சொல்லு. நாங்க இருக்கோம்."

"பயம் எல்லாம் இல்லீங்க. நெஜமாவே யாரும் இல்ல."

"சரி, வண்டில ஏறு."

"நான் வரலீங்க. என் தங்கச்சிக்கு இது மாசம். இன்னும் ரெண்டு மூணு வாரந்தான் இருக்கு. ஆஸ்பத்திரில கூட நிக்க என்னை விட்டா ஆள் இல்ல."

"உன்னைக் கேட்டு ஏத்தறதுக்கு இது என்ன பஸ்ஸா?" என்றார் ஆய்வாளர்.

அதுவரைக்கும் யாராலும் கட்டாயப்படுத்தப்படாத சாவியக்காவை, கட்டாயத்திலிருந்து காப்பாற்றுவதற்காக, ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து வேனில் ஏற்றினார்கள். மற்ற இருவரும் சந்தைக்குப் போயிருந்ததால் அன்றைக்கு அவர்களை யாராலும் காப்பாற்ற முடியவில்லை.

தங்கையின் விஷயம் விளையாட்டு விஷயம் அல்ல. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளை வளர்த்துப் படிக்கவைத்தது சாவியக்காதான். இரண்டு கரு கலைந்து, இனிமேல் இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு தங்கியிருக்கும் பிள்ளை இது. தங்கையின் புருஷனுக்குக் கப்பலில் வேலை. அவன் கரை சேர இன்னும் மாதங்கள் ஆகும். "அக்கா, அந்த நேரத்துல நீ வந்துடணும். நீ இல்லேன்னா எனக்குப் பயமா இருக்கும்" என்று தங்கை கேட்டிருந்தாள். "வந்துடுவேன்" என்று சாவியக்கா சொல்லியிருந்தாள். வாழ்க்கையில் அவள் கொடுத்த வாக்குகளிலேயே யோசிக்காமல் கொடுத்தது இது ஒன்றுதான்.

இல்லத்தின் இயக்குநர் அம்மா அவளை எழுந்து நின்று வரவேற்றார். கனிவான முகம், கனிவான குரல், கனிவான மேசை விரிப்பு.

"இங்க யாரையும் நாங்க கட்டாயப்படுத்தறதே இல்லம்மா. அது எங்க கொள்கை. நீயே விரும்பற வரைக்கும் பொறுமையா எடுத்துச் சொல்லிக்கிட்டே இருப்போம்."

"நான் விரும்பலேன்னா?"

"அப்பவும் சொல்லிக்கிட்டே இருப்போம்."

பிறகு ஒரு பணியாளர் வந்து அவள் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். பாதுகாப்புக்காக என்றார்கள். யாருடைய பாதுகாப்புக்காக என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி என்று பாராட்டினார்கள்.

அடுத்து ஒரு தாளை நீட்டினார்கள். 'நான் எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு விருப்பத்துடன் இந்த இல்லத்தில் தங்குகிறேன்' என்று அதில் அச்சடித்திருந்தது. மற்ற பெண்கள் எல்லோரும் வந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டவர்கள். சாவியக்கா படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது பொய்ங்களே."

"அவசரமில்லம்மா" என்றார் இயக்குநர் அம்மா. "விருப்பம் மெதுவாத்தான் வரும். நல்லா யோசிச்சுப் பாரு. உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்."

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களும் அந்த இல்லத்தில் காலையில் கொடுக்கும் டீ மாதிரி. வேண்டுமா என்று கேட்காமல் எல்லோருக்கும் ஊற்றுவார்கள்.

மறுநாள் ஆலோசகரிடம் அனுப்பினார்கள். ஆலோசகர் சின்னப் பெண். காய்ச்சலில் கிடப்பவர்களிடம் பேசுகிற குரலில் எல்லோரிடமும் பேசுவாள்.

"உங்களை இந்தத் தொழிலுக்குத் தள்ளினது யாரு, அக்கா?"

"யாரும் தள்ளலம்மா. மொதல்ல துணி மில்லுல இருந்தேன். அங்க மேற்பார்வை பாக்கறவன் கேக்காமலே மேல கை வைப்பான். புகார் சொன்னா வேலை போயிடும்னாங்க. இந்தத் தொழில்ல கேக்காம கை வச்சா நான் வெளிய தள்ளிடலாம். யோசிச்சுப் பாத்தேன், இது தேவலைன்னு தோணிச்சு."

"அப்ப, கஷ்டம் தள்ளிச்சுன்னு எழுதிக்கவா?"

"கஷ்டம் இல்லாம யாரும்மா வேலைக்குப் போறாங்க? நீ ஆசைப்பட்டா இந்த வேலைக்கு வந்தே?"

"இல்லக்கா. எனக்கு ஓவியம் படிக்கணும்னு ஆசை. அப்பாதான் விடல, இதுல கொண்டுவந்து..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து பேனா மூடியைத் தேட ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு இந்தத் தொழில் பிடிச்சிருக்கான்னு கேக்கணும்னு படிவத்துல இருக்குக்கா" என்றாள் கடைசியில்.

"நல்ல நாளும் உண்டு, நாசமாப் போற நாளும் உண்டு. விட்டுடணும்னு தோணினா விட்டுடுவேன். ஆனா அது எனக்குத் தோணணும்ல?"

ஆலோசகர் அறிக்கை எழுதினாள். அறிக்கை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இல்லத்தில் ஒரு முறை இருந்தது. தன்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று ஒருத்தி சொன்னால், கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று சொன்னால், அப்படிச் சொல்லும்படி கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள். ஒன்றுமே சொல்லாவிட்டால், கட்டாயம் மிகவும் முற்றிவிட்டது. இந்த முறையின் சிறப்பு என்னவென்றால், இதில் இதுவரைக்கும் ஒருத்திகூடத் தேறாமல் போனதில்லை.

இதற்கு நடுவில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. சாவியக்காவின் அறையில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். கடையில் வேலை என்று சொல்லி அழைத்துவந்த ஒருவன், அவளை ஒரு வீட்டில் விற்றுவிட்டுப் போயிருந்தான். அவளை உண்மையாகவே பூட்டி வைத்திருந்தார்கள், அடித்திருந்தார்கள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றுதான். அவன் மேல் புகார் கொடுக்க வேண்டும். தினமும் ஆபீஸ் வாசலில் போய் நிற்பாள். "கோபத்தை விட்டுடும்மா, மன்னிக்கப் பழகு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் விருப்பத்துடன் தங்குவதாகக் கையெழுத்துப் போட்டவள் என்பதால், அவள் காரியம் வெற்றிகரமாக முடிந்தது என்று கணக்கு. மீட்க வேண்டாம் என்றவளிடம் நாள் முழுக்கப் பேச ஆள் இருந்தது. மீட்க வேண்டியவளிடம் பேச ஒருவருக்கும் நேரமில்லை.

வாரத்தில் ஒரு நாள் தன்னுரிமை வகுப்பு. கட்டாயம் வர வேண்டும். அன்றைய பாடம், வேண்டாம் என்று சொல்லப் பழகுவது. ஆசிரியை கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுத் திரும்பினார்.

"எல்லாரும் சொல்லுங்க பாப்போம். வேண்டாம்!"

"வேண்டாம்" என்றது வகுப்பு.

"வயித்துலேர்ந்து வரணும். கண்ணைப் பாத்து, தைரியமா. வேண்டாம்!"

சாவியக்கா எழுந்து நின்று ஆசிரியையின் கண்ணைப் பார்த்தாள். "எனக்கு இந்த வகுப்பு வேண்டாம்" என்றாள்.

ஆசிரியை பூரித்துப்போனார். "பாத்தீங்களா, இதுதான் வேண்டாம். என்ன தெளிவு, என்ன உறுதி. எல்லாரும் கை தட்டுங்க." எல்லோரும் கைதட்டினார்கள். சாவியக்கா வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எங்கம்மா போறே?"

"வகுப்பு வேண்டாம்னு சொன்னேனே."

"அது பயிற்சிம்மா. பயிற்சிக்குச் சொன்னதை எல்லாம் நெஜத்துல செய்யலாமா? உக்காரு."

உட்காரவைத்தார்கள். அன்றைய சிறந்த மாணவி என்று பெயரும் எழுதிப் போட்டார்கள்.

வீட்டுக்குப் போக என்ன செய்ய வேண்டும் என்று சாவியக்கா நேரடியாகவே கேட்டாள். இயக்குநர் அம்மா சந்தோஷமாக விளக்கினார். பொறுப்புள்ள ஆண் உறவினர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால் அடுத்த நிமிஷம் போகலாம்.

"எனக்கு நாப்பது வயசு தாண்டியாச்சுங்க. என் தங்கச்சியை நான்தான் வளர்த்தேன்."

"அதனாலதாம்மா சொல்றேன். இவ்வளவு காலம் யார் பொறுப்புலயும் இல்லாம இருந்திருக்கே பாரு."

தங்கை கையெழுத்துப் போடலாமே என்றாள். தங்கை பெண்பிள்ளை, அதிலும் பிள்ளைத்தாய்ச்சி, அவளுக்கே ஒருவர் பொறுப்பு வேண்டும் என்றார்கள். கடைசியில் இல்லம் தன் சொந்த முயற்சியில், சாவியக்கா என்றைக்கோ விட்டுவிட்டு வந்த புருஷனைக் கண்டுபிடித்தது. ஜன்னலோரப் பெண்ணை விற்றவனைத் தேட ஆள் இல்லாத இல்லம், இந்த மனுஷனைத் தேடி மூன்று ஊருக்கு ஆள் அனுப்பியது.

அவர் வந்தார். டீ கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஆணின் பொறுப்பு என்ன என்று இயக்குநர் அம்மா அவருக்கு அரை மணி நேரம் எடுத்துச் சொன்னார். அவர் பிஸ்கட் தட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியக்காவைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டா என்கூட வந்துடுவாளா?"

"உங்க பொறுப்புலதான் இருக்கணும்" என்றார் இயக்குநர் அம்மா. "உங்களைக் கேக்காம எங்கேயும் போகக் கூடாது."

"என் தங்கச்சி பிரசவத்துக்குப் போகணும். விடுவியா?" என்று சாவியக்கா புருஷனைக் கேட்டாள்.

அவர் யோசித்தார். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல வந்து ரெண்டு நாள் சமைச்சுப் போடு. வீடே குப்பையா கெடக்கு."

சாவியக்கா எழுந்து அறைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் அழுதாள். அந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வெளியே போய், தெருமுனையில் அவரைக் கழற்றிவிட்டு ஓடியிருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியது. அவரை விட்டுவிட்டு வந்ததுதான் அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் வேண்டாம். அதை அழித்துவிட்டு அதன் மேல் ஒரு கையெழுத்தா என்று நினைக்க நினைக்க அவளுக்கு அடங்கவில்லை. தங்கையின் முகமும் கண்ணை விட்டுப் போகவில்லை.

இந்த நேரத்தில்தான் இல்லத்துக்கே சோதனை வந்தது. நிதி கொடுக்கும் துறையிலிருந்து ஒரு தணிக்கை அதிகாரி வருகிறார் என்று தகவல். அவர் ஒவ்வொரு பெண்ணையும் தனியாகக் கூப்பிட்டு, விருப்பத்துடன்தான் இருக்கிறாயா என்று கேட்பார். ஒருத்தி இல்லை என்று சொன்னாலும் நிதி நின்றுவிடும். இல்லத்தில் கையெழுத்துப் போடாதவள் சாவியக்கா ஒருத்திதான்.

அதிகாரி வருகிற அன்று காலையில் அவசரமாகக் குழு கூடியது. இயக்குநர் அம்மா, சட்ட ஆலோசகர், மனநல மருத்துவர். ஓரத்தில் ஆலோசகப் பெண். சாவியக்காவை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இத்தனை நாளில் அவளுக்கு நாற்காலி கொடுத்தது அதுதான் முதல் தடவை.

சட்ட ஆலோசகர் ஒரு சிக்கலைச் சொன்னார். "இந்தம்மா சுயமா முடிவெடுக்க முடியாதவங்கன்னு நம்ம அறிக்கை சொல்லுது. அப்படிப்பட்டவங்க கையெழுத்து செல்லாது. அதனால மொதல்ல இவங்க சம்மதம் செல்லும்னு டாக்டர் சான்று கொடுக்கணும். அப்புறம் கையெழுத்து வாங்கணும்."

மருத்துவர் உடனே பரிசோதனையை ஆரம்பித்தார். இன்றைக்கு என்ன கிழமை என்றார். சொன்னாள். நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். எண்ணினாள். தெருவில் யாரோ விட்டுப்போன பை கிடந்தால் என்ன செய்வாய் என்றார்.

"எடுத்து வச்சுக்கிட்டு அங்கேயே நிப்பேன். தொலைச்சவங்க தேடிக்கிட்டு வருவாங்க."

"அற்புதம்" என்றார் மருத்துவர். நன்மை தீமை அறிந்து சுயமாக முடிவெடுக்கும் முழுத் திறன் உள்ளவர், இவருடைய சம்மதம் எல்லா வகையிலும் செல்லும் என்று எழுதி, முத்திரை குத்தினார். இயக்குநர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியாம்மா, இங்க வந்தப்போ எப்படி இருந்தே, இப்ப எவ்வளவு முன்னேறிட்டே. இந்தா பேனா."

சாவியக்கா பேனாவை வாங்கவில்லை. "அப்ப இனிமே நான் சொல்றது செல்லுமா?"

"பரிபூரணமா செல்லும்" என்றார் மருத்துவர்.

"சட்டப்படி செல்லும்" என்றார் சட்ட ஆலோசகர்.

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

மருத்துவர் தான் எழுதிய சான்றிதழை வேறு யாரோ எழுதியது போல எடுத்துப் படித்துப் பார்த்தார். சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமினார்.

"இந்தச் சான்று தங்கறதுக்கு மட்டும்தாம்மா செல்லும். போறதுக்குச் செல்லாது."

"அதே வாய்தானே?"

இயக்குநர் அம்மா கொஞ்சமும் கோபப்படாமல் புரியவைத்தார். "சம்மதம்ங்கறதே ஆமான்னு சொல்றதும்மா. வேண்டாம்னு சொல்றது எப்படி சம்மதமாகும்? நீ ஆமான்னு சொல்லிப் பாரு, உன் பேச்சை நாங்க எவ்வளவு மதிக்கறோம்னு தெரியும்."

சாவியக்கா அவர்கள் மூவரையும் பார்த்தாள். சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

"இப்படிப் பேசறவங்க எங்ககிட்டயும் வருவாங்க. படிக்கட்டிலேயே திருப்பி அனுப்பிடுவோம்."

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் போன் அடித்தது. ஆலோசகப் பெண் எடுத்துக் கேட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"அக்கா" என்றது தங்கையின் குரல். இல்லத்தின் நம்பரை மாடி வீட்டுப் பெண்கள் விசாரித்துக் கொடுத்திருந்தார்கள். மூச்சு வாங்கியது. "வலி வந்துடுச்சுக்கா. பக்கத்து வீட்டு அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நீ வருவியா?"

சாவியக்கா போனை நோக்கிக் குனிந்தாள். இயக்குநர் அம்மா தாளை அவள் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

"கையெழுத்தைப் போட்டுடும்மா. காவலோட ஒரு நாள் அனுப்பி வைக்கிறேன். யோசிச்சுப் பாரு, உன் நல்லதுக்குத்தானே."

அவள் கை பேனாவின் மேல் போனது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அவள் எடுத்தே விட்டாள். தங்கையின் மூச்சு மேசை மேல் கேட்டுக்கொண்டிருக்கும்போது கொள்கை பேச அவள் ஒன்றும் இயக்குநர் அல்ல. பேனாவின் முனை தாளைத் தொடப் போகும்போது வாசலில் கார் வந்து நின்றது. காவலாளி ஓடிவந்து, அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார் என்றான்.

"அவரு கேட்டா என்ன சொல்லுவேம்மா?" என்று சட்ட ஆலோசகர் அவசரமாகக் கேட்டார்.

"இந்தக் கையெழுத்தை எதுக்குப் போடறேனோ அதைச் சொல்லுவேன்."

சட்ட ஆலோசகருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அவர் அந்தத் துறையில் பழுத்தவர். ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசித்தார், பிறகு முகம் மலர்ந்தது.

"கையெழுத்துப் போடாதவங்க சட்டப்படி இல்லத்துல சேரல. சேராதவங்க இங்க இல்ல. அம்மா, நீங்க இங்க வரவே இல்ல."

"இத்தனை நாளா இங்கதானேங்க இருந்தேன்?"

"இருந்திருக்கலாம். ஆனா வரல."

இயக்குநர் அம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் மூவரும் சுறுசுறுப்பானார்கள். வராதவளை விடுவிக்க ஆண் உறவினர் தேவையில்லை, அறிக்கை தேவையில்லை, யோசித்துப் பார்க்க வேண்டியதும் இல்லை. சமையலறை வழியாகப் போனால் பின்வாசல். தாளை நாலாகக் கிழித்தார்கள். இத்தனை நாளும் அவள் நல்லதுக்காக அவளை விடாமல் வைத்திருந்தவர்கள், இப்போது தங்கள் நல்லதுக்காக அவளைத் தள்ளாத குறையாக அனுப்பினார்கள்.

"என் சாவி?"

"வராதவங்க சாவி எங்ககிட்ட எப்படிம்மா இருக்கும்?" என்றார் சட்ட ஆலோசகர், போகிற போக்கில்.

சமையலறையில் ஜன்னலோரப் பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சாவியக்கா ஓடுகிற ஓட்டத்திலும் நின்றாள்.

"வந்திருக்கறவரு உன்னைக் கேப்பாரு. இவங்க சொல்லிக்கொடுத்ததைச் சொல்லாதே. நான் சொல்றேன்னும் எதையும் சொல்லாதே. உனக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லு."

அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பது பிறகுதான் தெரிந்தது. விருப்பத்துடன் இருக்கிறாயா என்று அதிகாரி கேட்டதற்கு, "புகார் எழுதணும், ஒரு பேப்பர் குடுங்க" என்றாளாம். அப்படி ஒரு பதிலுக்கு அவருடைய படிவத்தில் கட்டம் இல்லாததால் வேறு வழியில்லாமல் பேப்பரைக் கொடுத்திருக்கிறார்.

பின்வாசலில் ஆலோசகப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் கயிற்றோடு சாவி.

"அக்கா, இதை நான் கழுத்துல போட்டுவிடட்டுமா?"

சாவியக்கா அவளைப் பார்த்தாள். அந்த இல்லத்தில் அவளைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட ஒரே ஆள் இந்தப் பெண்தான்.

"போடும்மா" என்று தலையைக் குனிந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிரசவ அறை வாசலில் ஒரு நர்ஸ் தாளும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். சாவியக்காவைப் பார்த்ததும் நர்ஸுக்கு உயிர் வந்தது.

"அக்காவா நீங்க? வலி குறைய முதுகுல ஊசி போடணும். புருஷன் கப்பல்ல இருக்காராமே. நீங்க கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்து என்றதும் சாவியக்காவுக்கு உடம்பு கூசியது. "அவ முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கா?"

"இருக்காங்க."

"பேசறாளா?"

"கத்தறாங்க."

"அப்ப அவளைக் கேளுங்க. முதுகு அவளுது."

நர்ஸ் அப்படியும் ஒரு வழி இருக்கிறதா என்பது போல உள்ளே போனாள். போன வேகத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்து, துணைக்கு ஒருவர் உள்ளே வரலாம் என்றாள். சாவியக்கா பாய்ந்து போனாள். தங்கை கட்டிலில் வியர்வையில் நனைந்து கிடந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகம் அப்படியே கோணிக்கொண்டு அழுகை வந்தது.

"வந்துட்டியா. அது போதும்க்கா. நீ உள்ள வேண்டாம். வெளிய இரு."

"என்னடி சொல்றே?"

"உன் மொகத்தைப் பாத்தா எனக்கு அழுகைதான் வருது, வேற எதுவும் செய்ய முடியல. வேண்டாம்க்கா. வெளிய இரு."

எத்தனை பேரிடம் மல்லுக்கட்டி, வராதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்தவள் சாவியக்கா. சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. நல்லா யோசிச்சுப் பாரு, உன் நல்லதுக்குத்தானே சொல்றேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அது யாருடைய பேச்சு என்று தெரிந்ததும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

"சரிடி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பெஞ்சியில் உட்கார்ந்தாள்.

பின்னாலேயே வந்த நர்ஸுக்கு நம்ப முடியவில்லை. "வேண்டாம்னு சொன்னதும் எழுந்து வந்துட்டீங்க? இங்க மாமியாருங்க எல்லாம் கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டுப் போக மாட்டேம்பாங்க."

"வேண்டாம்னா வேண்டாம்தானேம்மா" என்றாள் சாவியக்கா. சொல்லும்போது அவளுக்கு வலித்தது. கேட்கிற பக்கம் நின்றால் அந்தச் சொல் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரைக்கும் தெரியாது.

உள்ளே தங்கை கத்தினாள். சாவியக்கா எழுந்தாள், உட்கார்ந்தாள், கழுத்துச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் கத்தல். அப்புறம் சத்தமே இல்லை. அந்த நேரம்தான் கொடுமையாக இருந்தது. பிறகு, கிள்ளிவிட்டது போல, சின்னதாக ஒரு அழுகை கிளம்பியது.

அவள் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கதவு பூட்டியிருக்கவில்லை. தாழ்கூடப் போட்டிருக்கவில்லை. விரலால் தொட்டால் திறந்துகொள்ளும். கண்ணில் தண்ணீர் வழிய, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா" என்று உள்ளேயிருந்து தங்கை கூப்பிட்டாள். "எங்கே இருக்கே? இப்ப வா."

அதற்குப் பிறகுதான் கதவைத் தள்ளினாள்.